ஒன்றா, இரண்டா... வகை தெரியாத சர்க்கரை

போன செவ்வாய்க்கிழமை காலை, வெறும் வயிற்றோடு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். மடியில் டிபன் டப்பா. ரத்தம் கொடுத்த கையோடு திறந்துவிட வேண்டும் என்று மூடியின் மேலேயே கை வைத்திருந்தேன். கவுண்டரில் ஒரு சின்னப் பெண் — வேலைக்குப் புதுசு போலிருக்கிறது — ஃபாரம் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

“பேருங்கக்கா?”

“தேன்மொழி.”

தலையை நிமிர்த்தி ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதினாள். அந்தப் பார்வை எனக்குப் பழகிவிட்டது. இந்தப் பெயரை வைத்துக்கொண்டு சர்க்கரை டெஸ்டுக்கு வந்து உட்கார்ந்தால் வேறு எப்படிப் பார்ப்பார்கள்?

“வயசு?”

“நாப்பத்தொண்ணு.”

“சுகர் எத்தினி நாளா இருக்குதுங்க?”

“கார்த்திகையிலருந்து.”

“டைப் ஒன்னா, டூவா?”

“தெரியலம்மா.”

“டாக்டர் சொல்லலீங்களா?”

“அவங்களுக்கும் தெரியல.”

பேனா நின்றுவிட்டது. ஃபாரத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். “இங்க ரெண்டு கட்டம்தாங்கக்கா இருக்குது. ஏதாவது ஒண்ணுல டிக் போட்டாதான் உள்ள வாங்கிக்குவாங்க.”

எனக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் மாமியார் குரல் கொடுத்தார். “ஆறு மாசமா எங்களையும் எல்லாரும் இதத்தாம்மா கேட்டுகினு இருக்காங்க. நீயாவது வேற எதுனா புதுசா கேளு.”

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் மாமியார் பட்டம்மாளைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக... வயது அறுபத்தேழு. இரண்டு முழங்காலிலும் வலி. எங்கள் தெருவில் தறி போட்டிருக்கிற மூன்று வீடுகளுக்குப் பட்டு நூலைச் சின்னக் குச்சிகளில் சுற்றித் தருகிறார். தார் சுற்றுவது என்போம். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் வீட்டுக்காரர் ஏகாம்பரம், செய்யாறில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிற பிரிவில் சூப்பர்வைசர். விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்து அவரை அள்ளிக்கொண்டு போய்விடும். நான் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுப் பட்டுப் புடவைகளுக்கு ஜாக்கெட் தைக்கிறேன். ஆரணியில் பட்டுக்குப் பஞ்சமில்லை, ஜாக்கெட்டுக்கும் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஐப்பசியில் என் சொந்த ஜாக்கெட்டுகளை அரை இஞ்ச் பிடித்தேன். கார்த்திகையில் இன்னும் அரை இஞ்ச். ஊரார் உடம்பையெல்லாம் டேப் வைத்து அளக்கிறவளுக்குத் தன் உடம்பு மட்டும் கணக்கில் வரவில்லை பாருங்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்... சந்தோஷமாக இருந்தது. “இன்னா தேனு, டயட்டா? பத்து வயசு கொறஞ்சாப்பல கீற” என்று அளவு கொடுக்க வந்தவர்கள் கேட்டார்கள். நானும் ஏதோ ரகசியம் வைத்திருக்கிறவள் போலச் சிரித்துவைத்தேன். தாகம் எடுத்தது. குடித்தேன். மறுபடியும் தாகம். வெயில் என்று நினைத்தேன்... கார்த்திகை மாதத்தில், குடை பிடித்துக்கொண்டு.

கண்டுபிடித்தவர் வீட்டுக்காரர்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பகலில் வீட்டில் இருக்கிற மனிதர். அன்றைக்கு என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “தேனு, காலைலருந்து இது ஒம்பதாவது சொம்பு” என்றார். அவ்வளவுதான் சொன்னார். மறுநாள் லீவு போட்டுவிட்டு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். அத்தையும் கூடவே ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.

வெறும் வயிற்றிலேயே இருநூற்றுத் தொண்ணூறு.

“உங்க வீட்ல யாருக்காவது சுகர் இருக்குதா?” என்று டாக்டர் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை கையைத் தூக்கினார். “எனக்கு இருவது வருஷமா இருக்குது டாக்டர்.”

“நீங்க அம்மாங்களா?”

“மாமியா.”

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “ரத்த சொந்தத்துல கேட்டேம்மா” என்றார். அத்தைக்கு முகம் சுருங்கிப்போயிற்று. இருபத்திரண்டு வருடமாக ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறோம். இது ரத்த சொந்தத்தில் சேராதா என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தார்.

மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். பெரியவர்களுக்கு வருகிற வழக்கமான சுகர்தான் என்றார்கள். நாற்பது வயதுக்காரிக்கு வேறு என்ன நினைப்பார்கள்? அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

எனக்கு அழுகை வந்தது. அத்தைக்கோ — எப்படிச் சொல்வது — ஒரு துணை கிடைத்த மாதிரி இருந்தது. மறுநாள் காலையில் சர்க்கரை போடாத காபி இரண்டு டம்ளர் எடுத்துக்கொண்டு வந்தார். ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இருவது வருஷமா இந்த வூட்ல நான் ஒருத்தியே இந்தக் கசப்ப குடிச்சிகினு இருந்தேன். இப்பதான் ஜோடி கெடச்சிது.”

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன்.

அதன் பிறகு இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் மாத்திரை. ஒரே மாதிரி கேழ்வரகு அடை. காலையில் கோட்டை மைதானம் வரை நடை — அவர் நடப்பார், நான் அவருக்காக நின்று நின்று நடப்பேன். மீட்டர் ஒன்று வாங்கியிருந்தோம். வாரத்துக்கு இரண்டு நாள் இரண்டு பேரும் விரலில் குத்திப் பார்ப்போம். பரீட்சைப் பேப்பர் திருத்தி வந்த மாதிரி ஒருவர் எண்ணை ஒருவர் எட்டிப் பார்ப்போம்.

அவருக்கு நூற்று முப்பது. எனக்கு இருநூற்று எழுபது.

அடுத்த வாரம் அவருக்கு நூற்று இருபத்தைந்து. எனக்கு முந்நூறு.

ஒரே மாத்திரை, ஒரே சாப்பாடு, ஒரே நடை. அப்புறம் ஏன்? அத்தை யோசித்தார். யோசித்து, ஒரே ஒரு முடிவுக்குத்தான் வர முடிந்தது — நான் ஒளித்துத் தின்கிறேன்.

தை மாதம். கல்யாண சீசன். தைக்கக் கொடுத்தவர்கள் விசேஷம் முடிந்ததும் இனிப்பு கொண்டுவந்து கொடுப்பார்கள். அப்படி ஒருவர் ஒரு பெரிய டப்பா லட்டு கொடுத்துவிட்டுப் போனார். அதை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடலாம் என்றேன். “இருக்கட்டும்” என்று அத்தை வாங்கி அலமாரியில் வைத்தார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இரண்டு நாள் கழித்து நூல்கண்டு எடுக்கப் போனபோது பார்க்கிறேன்... டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு விரலால் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

“இன்னாங்க அத்தே பண்றீங்க?”

திடுக்கிட்டார். பிறகு நிமிர்ந்தார். “எண்றேன். மாத்திரை போட்டும் எறங்கலன்னா எங்கயோ தப்பு நடக்குதுன்னுதான அர்த்தம்?”

“நான் திருடித் தின்றேன்னு சொல்றீங்களா?”

“நான் அப்பிடிச் சொல்லல. சுகரு சொல்லுது.”

அன்றைக்கு நான் பேசினது எல்லாவற்றையும் இங்கே எழுத முடியாது. எடுத்துச் சாப்பிடுகிற உரிமை எனக்கு இந்த வீட்டில் இல்லையா என்றேன். இருபத்திரண்டு வருடத்தில் என்னைப் பற்றித் தெரிந்துகொண்டது இவ்வளவுதானா என்றேன். அத்தை போய்த் தார் சுற்ற உட்கார்ந்தார். அதோடு பேச்சு நின்றது.

பன்னிரண்டு நாள். ஒரு வீட்டுக்குள் இரண்டு பெண்கள் பன்னிரண்டு நாள் பேசாமல் இருப்பது எப்படி என்று எங்கள் வீட்டுக்காரரைக் கேளுங்கள். கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, சமையலறைக்கும் முன்னறைக்குமாக எங்கள் செய்தியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். “உங்க அம்மாகிட்ட சொல்லுங்க, ரசம் வெச்சிருக்கேன்.” “உன் பொண்டாட்டியாண்ட சொல்லு, எனக்கு வேணாம்.” ஒரு நாள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, “செம பேஜாருமா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

அந்தப் பன்னிரண்டு நாளில் எனக்கு இன்னும் இரண்டு கிலோ குறைந்தது. டாக்டரிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. போனால் அவரும் ‘என்ன சாப்பிட்டீங்க’ என்று கேட்பார். வீட்டில் கேட்டது போதாதா? இந்த ரோஷம் இருக்கிறதே... அதற்கும் ஒரு மாத்திரை கண்டுபிடிக்கலாம்.

பதின்மூன்றாவது நாள் விடிந்ததும் வாந்தி. வீட்டுக்காரர் கிளம்பிப் போன பிறகுதான் ஆரம்பித்தது. ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, மறுநாள் தர வேண்டிய ஜாக்கெட்டைத் தைக்க உட்கார்ந்தேன். பத்து மணி இருக்கும். கை நகரவில்லை. மூச்சு மட்டும் ஓடி வந்தவளைப் போல ஆழமாக இழுத்தது. மெஷின் மேலேயே தலையைச் சாய்த்துவிட்டேன்.

மெஷின் சத்தம் நின்றதும் அத்தைக்குத் தெரிந்துவிட்டது.

“தேனு.”

பன்னிரண்டு நாளுக்குப் பிறகு முதல் வார்த்தை.

“இன்னாடி இப்பிடி மூச்சு வாங்குற? தேனு... என்னப் பாரு.”

என்னால் பேச முடியவில்லை. அத்தை வாசல்படியில் இறங்க வேண்டுமென்றால் இரண்டு முழங்காலிலும் கை ஊன்றி, ஒரு பெருமூச்சு விட்டு, பக்கவாட்டில்தான் இறங்குவார். அன்றைக்கு எப்படி இறங்கினார் என்று நான் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் சொன்னார்கள் — முந்தானை தரையில் இழுபட, செருப்பில்லாமல், தெருக்கோடி ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் ஓடினாராம். நடக்கவில்லை... ஓடினாராம்.

ஆட்டோவில் என் தலை அவர் மடியில். “ஜல்தியா போப்பா, ஜல்தியா போ” என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டே வந்தார். நடுநடுவே என் நெற்றியைத் தடவினார். அவர் விரல்களில் பட்டு நூல் வாசனை அடித்தது. அந்த ஒன்று மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

டாக்டர் மீட்டரில் பார்த்தார். எண் வரவில்லை, ‘அதிகம்’ என்று மட்டும் காட்டியது. எதிர்பார்த்த கேள்வியைக் கேட்டார்.

“மாத்திரை ஒழுங்கா போட்டாங்களா? ஸ்வீட் எதுனா சாப்பிட்டாங்களா?”

கண்ணைத் திறக்க முடியாமல் படுத்திருந்தேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். என்மேல் புகார் சொல்ல இதைவிட நல்ல இடம் அத்தைக்குக் கிடைக்காது.

அத்தை சொன்னார்: “இல்ல டாக்டர். வூட்ல பதினேழு லட்டு இருந்துது. இன்னிக்குக் காலைல வரைக்கும் பதினேழும் இருக்குது. நான் தெனமும் எண்றேன். காஞ்சி கல்லாப் போச்சி, ஒண்ணு கூடக் கொறையல. மாத்திரைய நான் பாக்கப் பாக்கத்தான் முழுங்குறா. இவ மேல தப்பில்ல. வேற இன்னாவோ இருக்குது, அதப் பாருங்க.”

டாக்டர் என் மூச்சைக் கவனித்தார், எடையைக் கேட்டார், சிறுநீரை உடனே டெஸ்ட் செய்யச் சொன்னார். உடம்பில் இன்சுலின் இல்லாமல் அமிலம் சேர்ந்து போயிருந்தது. இன்னும் ஒரு பொழுது விட்டிருந்தால் என்று ஆரம்பித்து, அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. ஆம்புலன்சில் வேலூருக்கு அனுப்பினார்கள்.

என்னைச் சந்தேகப்பட்டு எண்ணின எண்ணிக்கைதான் எனக்குச் சாட்சியாக வந்து நின்றது. இதை நான் எங்கே போய்ச் சொல்ல?

வேலூரில் நான்கு நாள். அங்கேயே கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிற எங்கள் மகள் பக்கத்திலேயே இருந்தாள். சொட்டுச் சொட்டாக இன்சுலின் இறங்கியது. மூன்றாவது நாள், என்னைவிட ஒரு பத்து வயது சின்னவராக ஒரு லேடி டாக்டர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். டாக்டர் உட்கார்ந்து பேசினால் எனக்குப் பயம். நல்ல செய்தியை எல்லாரும் நின்றுகொண்டே சொல்லிவிடுவார்கள் இல்லையா?

“டைப் ஒன் சின்னப் பசங்களுக்குத்தான் வரும்னு நெனப்பாங்க. பெரியவங்களுக்கும் வரும், மெதுவா வரும். ஒங்களுக்கு அதுவா இருக்கலாம்னு டெஸ்ட் எடுத்தோம்.”

“வந்துட்சிங்களா ரிசல்ட்டு?” என்று கேட்டார் வீட்டுக்காரர்.

“வந்திருக்குது. ஆனா தெளிவா இல்ல. ஒரு டெஸ்டுல ஆமான்னும் வரல, இல்லன்னும் வரல. கோட்டு மேலயே நிக்குது. இன்சுலின் கொஞ்சம் சொரக்குது, ஆனா பத்தல.”

“அப்ப எனக்கு எந்த டைப்புங்க?”

“தெரியாதுங்க.”

அந்த அம்மா அப்படியே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை.

“ஆறு மாசம் கழிச்சி மறுபடியும் எடுப்போம். அப்பவும் தெரியலாம், தெரியாமயும் போலாம். ஆனா இப்ப இன்னா பண்ணணும்னு நல்லாத் தெரியும். இன்சுலின் போடணும். எண்ணப் பாத்துகினே இருக்கணும்.”

வீட்டுக்காரர் ஜன்னலோரம் நின்ற மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார். “பொண்ணுக்கு வருங்களா?”

“எந்த வகைன்னு தெரிஞ்சாத்தான் அதுக்கு வெவரமா சொல்ல முடியும். இப்ப நல்லாத்தான இருக்காங்க? தாகம், எடை கொறையறதுன்னு எதுனா இருந்தா மட்டும் ஒடனே கூட்டியாங்க.”

ஆக, என் நோய்க்கு ஒரு பெயர் வேண்டியது எனக்காக மட்டுமில்லை. அந்த நாலு வரியை வீட்டுக்காரர் இன்றைக்கும் மனசில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். வாய்விட்டுப் பேசுவதில்லை. மகளுக்குப் போன் செய்தால் மட்டும், “சாப்ட்டியா” என்று கேட்கிற மனிதர் இப்போது, “தண்ணி ரொம்ப குடிக்கறியா?” என்று கேட்கிறார்.

ஆனால் ‘தெரியாது’ என்று சொன்ன அந்த டாக்டரை எனக்குப் பிடித்துப்போயிற்று. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவர், தெரியும் என்று சொல்வதை நம்பலாம் அல்லவா?

வீட்டுக்கு வந்தோம். மருத்துவமனையில் நர்ஸ் போட்டார். வீட்டில் யார் போடுவது?

நானே போட்டுக்கொள்ள வேண்டும். பேனா மாதிரி இருக்கும். நுனியில் ஒரு பொட்டு ஊசி. சாப்பாட்டுக்கு முன்னால் வயிற்றில் வைத்து அழுத்த வேண்டும். அவ்வளவுதான். இருபது வருடமாக ஊசியோடு பிழைக்கிறவள். மெஷின் ஊசி விரல் நகத்தோடு இறங்கி, பிடுங்கிப் போட்டுவிட்டு மிச்சத் தையலை முடித்தவள். அன்றைக்கு மத்தியானம் அந்தப் பொட்டு ஊசியைப் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

“குடு, நான் போடறேன்” என்றார் வீட்டுக்காரர். கம்பெனியில் நாள் முழுக்கக் கத்தியும் தோலுமாக நிற்கிற மனிதர். பேனாவை வாங்கினார். கை ஆடியது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கையும் சேர்ந்து ஆடியது. “தோல்னா வேற, நீன்னா வேறடி” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சமையலறையிலிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம். எட்டிப் பார்த்தேன். அத்தை அடுப்பைப் பார்த்தபடி நின்று அழுதுகொண்டிருந்தார்.

“இன்னாங்க அத்தே?”

“ஊசி வரைக்கும் வந்துட்சே தேனு. ஊசின்னா அதோட சரின்னுதான எல்லாரும் சொல்றாங்க. அந்த ஊசிக்குப் பயந்துகினுதான் நான் இருவது வருஷம் ஒரு வாய் பாயசம் தொடல. ஒனக்கு மூணு மாசத்துல வந்துட்சே. அந்த லட்ட எண்ணாம, ஒன்ன டாக்டராண்ட கூட்டினு போயிருந்தா...”

அவர் சுமக்கிறது அதுதானா என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பன்னிரண்டு நாளும் என் கோபத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

“ஊசின்னா முடிவு இல்லீங்க அத்தே. என் ஒடம்புக்கு வேணுங்கறது அதுல இருக்குது, அவ்ளோதான். டாக்டரம்மா தெளிவாச் சொன்னாங்க.”

“வலிக்குமா?”

“அதான் தெரியல. நர்ஸம்மா போடறப்ப கண்ண மூடிகினு இருந்தேன்.”

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்தார். வந்து எனக்கு எதிரே சம்மணம் போட முடியாமல் காலை நீட்டி உட்கார்ந்தார். கையை நீட்டினார்.

“மொதல்ல எனக்குக் குத்து.”

“அத்தே...”

“மருந்து வேணாம். வெறும் ஊசி. வலிக்குதா இல்லியான்னு நான் சொல்றேன்.”

வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வந்தார். “நீ சும்மா இருடா” என்று அத்தை அவர் வாயை அடைத்தார். நான் புது ஊசி ஒன்றைப் பேனாவில் மாட்டாமல் வெறும் கையில் பிடித்து, அத்தையின் கைச் சதையில் வைத்தேன். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு உதட்டை மடித்துக் கடித்தார்.

“ம்... குத்து.”

“குத்திட்டேங்க அத்தே.”

ஒரு கண்ணைத் திறந்தார். கையைப் பார்த்தார். பிறகு இரண்டாவது கண்ணையும் திறந்தார்.

“எறும்பு இதவிட நல்லாக் கடிக்கும்.”

கொஞ்ச நேரம் அந்த இடத்தையே தடவிக்கொண்டிருந்தார். “இதுக்கா இருவது வருஷம் பயந்தேன்?” என்று மெதுவாக, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அந்த ஊசியை எறிந்துவிட்டு, வேறு ஊசி மாட்டி, என் வயிற்றில் வைத்து அழுத்தினேன். எறும்பு கதை உண்மைதான்.

அதற்குப் பிறகு வாழ்க்கை ஒரு ஒழுங்குக்கு வந்துவிட்டது. எண்ணைக் குறித்து வைக்க வீட்டுக்காரர் சமையலறையில் ஒரு மாதக் காலண்டர் மாட்டினார். இன்சுலின், ஃப்ரிட்ஜ் கதவில் தயிருக்குப் பக்கத்தில் குடியேறியது. எடை ஏறியது. பிடித்துத் தைத்த ஜாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பிரிக்கிற வேலை இவ்வளவு சுகமாக இருக்கும் என்று எந்தத் தையல்காரியும் என்னிடம் சொன்னதில்லை.

சித்திரையில் கம்பெனி பஸ்சில் வீட்டுக்காரரோடு வருகிற ஒருவர் கடைத்தெருவில் என்னைப் பார்த்து நின்றார். “அண்ணனுக்குமா சுகரு? கேன்டீன்ல டீக்குச் சர்க்கரையே போட்டுக்கறதில்லியே, இப்பல்லாம்” என்று கேட்டார். அண்ணனுக்குச் சுகர் கிடையாது. வீட்டில் வந்து கேட்டேன். “டீத்தூள் ருசி தெரியட்டும்னு” என்று சொல்லிவிட்டு, அவசரமாகச் சட்டையைக் கழற்றப் போய்விட்டார்.

சமாளிக்க முடியாதது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கேள்வி.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு ஆளைப் பார்த்தால் எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீடு என்று கேட்டு ஓரிடத்தில் உட்கார வைத்தால்தான் மனசு ஆறும். நோய்க்கும் அதேதான். வைகாசியில் தேசூரில் ஒரு கல்யாணம். பந்திக்கு முன்னால் நான் ஓரமாகத் திரும்பி ஊசி போட்டதை ஒரு உறவுக்காரம்மா பார்த்துவிட்டார். அவ்வளவுதான்.

“எந்த டைப்பு? ஒன்னா? ஒன்னுன்னா காலத்துக்கும் ஊசியாமே. ரெண்டுன்னா மாத்திரையில போயிடுமே. ஒனக்கு எதுன்னு சொல்லு.”

நான் விளக்க ஆரம்பித்தேன். கோடு, கோட்டு மேலே, சுரப்பு... அவர் முகம் போன போக்கைப் பார்த்து அத்தை குறுக்கே வந்தார்.

“அவ புது மாடலு. இன்னும் பேரு வெக்கல” என்றார். “நீ எல போட்டாங்க பாரு, போய் ஒக்காரு.”

நிஜத்தைச் சொல்ல வேண்டுமென்றால், எனக்கும் பெயர் வேண்டும் என்ற ஆசை போகவில்லை. சில காலைகளில் எண் நன்றாக வந்தால் இரண்டாக இருக்குமோ என்று தோன்றும். மறுநாளே ஏறினால் ஒன்றுதான் என்று முடிவு கட்டிவிடுவேன். மகளை நினைத்துக்கொள்வேன். செவ்வாய்க்கிழமை கொடுத்துவிட்டு வந்த ரத்தம் சென்னைக்குப் போயிருக்கிறது. பத்து நாளில் முடிவு வருமாம். அந்தச் சின்னப் பெண் கடைசியில் இரண்டு கட்டத்தையும் காலியாக விட்டுவிட்டு உள்ளே போய்ப் பேசிச் சம்மதம் வாங்கி வந்தாள். நல்ல பெண்.

இவ்வளவும் எழுதி முடித்துவிட்டேன் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை இன்னொன்று நடந்தது.

மத்தியானம் ஊசி போட்டுக்கொண்டேன். போட்டதும் சாப்பிட வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா வந்து நின்றார். “கழுத்து மட்டும் கொஞ்சம் எறக்கணும், அஞ்சே நிமிஷம்.” ஆவணி முகூர்த்தம், மறுக்க முடியவில்லை. அஞ்சு நிமிடம் முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவர் போனதும் எழுந்தேன். கை நடுங்கியது. ஜாக்கெட் முதுகோடு ஒட்டுகிற அளவுக்கு வியர்வை. கண் முன்னால் மெஷின் இரண்டாகத் தெரிந்தது.

“அத்தே... எறங்குது. சர்க்கரை குடுங்க.”

டாக்டரம்மா சொல்லிக் கொடுத்திருந்தார். சுகர் இறங்கினால் சோறு வேக, ஆறக் காத்திருக்கக் கூடாது, உடனே சர்க்கரை. அத்தையும் பக்கத்தில் நின்று கேட்டவர்தான். ஆனால் எங்கள் வீட்டில் சர்க்கரை ஏது? மாசி மாதமே அத்தை சர்க்கரை, வெல்லம், கற்கண்டு எல்லாவற்றையும் துடைத்தெடுத்துத் தெருவில் கொடுத்துவிட்டார். வாங்கி வைக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் இரண்டு முறை சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் கேட்கவில்லை.

அத்தை பக்கத்து வீட்டுக்குப் போனார். சுவர் ஒன்றுதான், தரையில் உட்கார்ந்தபடி எனக்கு எல்லாம் கேட்டது.

“தனம், ஜல்தியா கொஞ்சம் சர்க்கரை குடு.”

“எதுக்கு பெரிம்மா?”

“குடுடி, சொல்றேன்.”

“நீ சுகர வெச்சிகினு சர்க்கரை கேக்கற. ஏகாம்பரண்ணன் என்னத் திட்டும். நான் குடுக்க மாட்டேன்.”

“எனக்கில்லடி. தேனுக்கு.”

“அந்தக்காவுக்கும்தான் சுகரு. ஊசி வேற போடுது. இன்னா பெரிம்மா, ரெண்டு பேரும் சேந்துகினு...”

தகர டப்பா உருளுகிற சத்தம் கேட்டது. பேச்சை நிறுத்திவிட்டு அத்தை தானே எடுத்துவிட்டார் போல. அடுத்த நிமிடம் டப்பாவோடு என் எதிரில் இருந்தார். பின்னாலேயே தனம், முறைத்துக்கொண்டு. என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. தண்ணீர் எடுக்க ஓடினாள்.

அத்தை கரண்டி தேடவில்லை. கையால் அள்ளி என் வாயில் போட்டார். “முழுங்கு... இன்னொரு வாய்... முழுங்கு தேனு.” பாதி வாயில், பாதி மடியில். பத்து நிமிடத்தில் மெஷின் ஒன்றாகியது. மீட்டரில் குத்திப் பார்த்தோம், ஏறியிருந்தது. தனம் எங்கள் தட்டிலேயே சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

“பயந்துட்டீங்களா அத்தே?”

“எதுக்குப் பயம்? அதான் ஏறிட்சே” என்றார். கண்ணில் நீர் நின்றது.

நான் சாப்பிட ஆரம்பித்தேன். சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். வலது கை விரல்களில் சர்க்கரை அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முந்தானையில் துடைக்கப் போனார். துடைக்கவில்லை. தனம் சமையலறைக்குள் போனதும், சட்டென்று கட்டை விரலை வாயில் வைத்தார். பிறகு ஆள்காட்டி விரல். பிறகு நடு விரல். இருபது வருடம் கழித்து... கண்ணை மூடிக்கொண்டு, நிதானமாக.

நான் குனிந்து சோற்றைப் பிசைந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் இரண்டு பேருக்கும் டெஸ்ட் எடுக்கிற முறை. எனக்கு மட்டும் எடுத்தோம். அத்தைக்கு எடுக்கலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். மீட்டர் ஸ்ட்ரிப் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.